கழுவிக் கொடுத்த நண்டுகள்

அந்த அக்காவின் கையிலிருந்து எதை வாங்கினாலும் ஈரமாகத்தான் இருக்கும். கொய்யாப்பழம், வெற்றிலை, கீழே விழுந்த என் வண்டிச் சாவி, எதுவானாலும் அவர் கைக்குப் போனால் ஒருமுறை தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும். ஒருநாள் அவர் வீட்டு வாசலில் ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போனால் அது துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பஞ்சுவரைக்கும் சோப்புப் போட்டுத் துவைத்திருந்தார்.

"வேர்வை நாத்தம் குடலைப் புடுங்குது தம்பி. எப்படித்தான் மாட்டிக்கிட்டு வர்றீங்களோ" என்றார்.

அன்று மன்னார்குடி வரைக்கும் காதோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டி ஓட்டினேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நடவுக்கும் களை எடுக்கவும் போவார், அந்த வேலை இல்லாத நாட்களில் நண்டு பிடித்து விற்பார். பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னால் அந்த ஊரில் அவரைப் பற்றி ஒருமுறை பேச்சு எழுந்தது போதும்.

நான் அப்போது மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் ஆய்வு உதவியாளன். குளத்து வண்டலிலும் நண்டிலும் கன உலோகங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. கோடையில் குளத்தைத் தூர்வாரி, அந்த வண்டலை வண்டி வண்டியாக வயலில் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஊர்க் குளத்துக்கு மேற்கே பல வருடங்களுக்கு முன்னால் பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்ததாகச் சொன்னார்கள். அப்படியென்றால் வண்டலில் காரீயம் இருக்கலாம். நண்டு சேற்றிலேயே கிடந்து சேற்றையே தின்கிற பிராணி. சேற்றில் துளித்துளியாக இருப்பது அதன் உடம்புக்குள் போய் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே வரும். அதைத் தின்கிற மனுஷனுக்கும் வரும். ஆய்வுத் திட்டத்தில் இதையெல்லாம் நான்தான் அழகாகத் தட்டச்சு செய்திருந்தேன்.

தட்டச்சு செய்யத் தெரிந்த எனக்கு நண்டு பிடிக்கத் தெரியவில்லை. முதல் நாளே வளைக்குள் கையை விட்டு, கட்டைவிரலைக் கொடுக்கிடம் கொடுத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். விரலைப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீரில் அதைக் கழுவிவிட்டார். பிறகு, "எத்தனை வேணும்?" என்று கேட்டார்.

வளையைப் பார்த்தே உள்ளே நண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வாயில் கிடக்கும் மண் புதிதாக, உருண்டை உருண்டையாக ஈரத்தோடு இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். கையை ஒருக்களித்து உள்ளே விட்டு, முதுகோட்டில் அழுத்திப் பிடித்து, அப்படியே உருவி எடுப்பார். நண்டு வளை வைத்தால் வரப்பு கசிந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும் என்பதால் வயல்காரர்களுக்கும் இவர் வந்து போவதில் சந்தோஷம்தான். எனக்கு வேண்டியது குளத்து நண்டு. கரைச் சரிவில் இருந்த வளைகளிலிருந்து பிடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

நண்டு போடுவதற்கென்று ஆய்வகத்திலிருந்து சுத்தம் செய்த பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல்கூடப் படக்கூடாத பைகள். மறுநாள் போனால் பைகள் எல்லாம் கழுவப்பட்டு, கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. நண்டுகளைக் கேட்டேன். ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்தார். ஓட்டைப் பிளந்து, உள்ளே இருந்ததை எல்லாம் வழித்தெறிந்து, கால்களை ஒடித்து, குழம்புக்குத் தயாராக வைத்திருந்தார். நண்டின் உடம்பில் உலோகம் எங்கே சேரும் என்று நாங்கள் பார்க்க நினைத்தோமோ அந்தக் குடல் முழுக்கக் கோழிக்குப் போயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "என்னக்கா இது, முழு நண்டா வேணும்னு சொன்னேன்ல?"

"அழுக்கோட எப்படித் தம்பி குடுக்கிறது?"

"அழுக்குதான்க்கா எனக்கு வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் பெரிய தெருவுக்கு நண்டு விற்கப் போயிருக்கிறார். ஒரு வீட்டு அம்மாள் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"'உங்க கை பட்டதைக் கழுவி மாளாது, அப்படியே வாசல்ல வச்சுட்டுப் போ'ன்னாங்க தம்பி. அன்னையிலேர்ந்து நானே கழுவிட்டுத்தான் குடுக்கிறது. இதுக்கு மேல கழுவ என்ன இருக்குன்னு அவங்களே தேடிப் பாத்துக்கட்டும்."

கதையைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. ஆனால் அந்தக் கதை என் வேலைக்கு என்ன சொல்கிறது என்று நான் யோசிக்கவில்லை. பிளக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, முழுசாக வேண்டும் என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு வந்தேன். கழுவக் கூடாது என்று சொன்னேனா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில்லை.

அடுத்த வாரம் முழு நண்டுகள் கிடைத்தன. பளபளவென்று இருந்தன. பையின் அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. நண்டுக்குள் இருக்கும் கொழுப்பு கசிந்திருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துவந்தேன். நண்டை உலர்த்தி, ஓட்டோடு அரைத்து, அமிலத்தில் கரைத்து, அளக்கிற கருவி இருக்கும் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். குளத்து வண்டலையும் கூடவே அனுப்பினோம். வண்டலை நானே அள்ளியிருந்தேன். அவரிடம் விட்டிருந்தால் அதையும் கழுவித்தான் தந்திருப்பார்.

முடிவுகள் வந்தபோது பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். வண்டலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நண்டில் காரீயம் ஏகத்துக்கு இருந்தது.

"மண்ணுல இவ்வளவு கம்மியா இருக்கிறது நண்டுல இவ்வளவு ஏறியிருக்குன்னா, அது உடம்புல சேர்ந்துகிட்டே வந்ததுதான்ப்பா" என்றார். அவருடைய விரல் தாளில் இன்னொரு வரிசைக்கு வந்து நின்றது. "குரோமியமும் கூடவே ஏறியிருக்கு பாரு. அதுதான் எனக்குப் புரியல. இன்னொரு தடவை நண்டு கொண்டா, சரிபார்த்துடலாம்."

எனக்கு அந்த இரண்டாவது பேச்சு காதில் ஏறவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. நண்டில் விஷம் இருக்கிறது என்பதற்காக ஒருவன் சந்தோஷப்பட முடியுமா என்றால், முடியும். நான் பட்டேன்.

சாயங்காலம் வண்டியில் திரும்பும்போதுதான் அக்காவின் மகள் நினைவுக்கு வந்தாள். மருமகன் சிங்கப்பூரில் வேலையாக இருந்ததால் அவள் அம்மா வீட்டுக்கே வந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, அம்மா வைக்கிற நண்டுச் சாறு மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருந்தார். அது குளத்து நண்டில் வைத்த சாறு. விடிந்ததும் கிளம்பிப் போனேன்.

வாசலில் நிறுத்தி வைத்தே சொன்னேன். "இந்தக் குளத்து நண்டைப் பொண்ணுக்கு இனிமே குடுக்காதீங்கக்கா. காரீயம் இருக்கு. வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகவே ஆகாது. மூளை வளர்றதையே கெடுத்துடும்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உள்ளே இருக்கா? கழுவினாலும் போகாதா?"

"போகாதுக்கா. அது உடம்போட சேர்ந்தது."

"நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

"நிச்சயமாத் தெரியும். மெஷின்ல வந்திருக்கு."

அந்தப் பதிலை நான் எவ்வளவு தோரணையாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்துக்கொண்டு, அதுவும் பேராசிரியையே புரியவில்லை என்று சொன்ன ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்த ஊர் முக்கில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் டம்ளரை ஆற்றிக்கொண்டே என்னை முறைத்தார். "அந்தம்மா வீடு வீடாப் போயி, நான் குடுத்த நண்டுல விஷம் இருந்திருக்கு, தெரியாமக் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வருது. பெரிய தெருவுக்கும் போயிருக்கு. என்னத்த சார் சொல்லித் தொலைச்சீங்க?"

நான் விற்பனையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவேதான் போயிருக்கிறார். அழுக்கான ஒன்றைத் தன் கையால் கொடுத்துவிட்டோம் என்பதை அவரால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்த வாசலில் கூடையோடு நின்று பேச்சு வாங்கினாரோ அந்த வாசலுக்கே போய், ஆமாம் அழுக்குதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சரிபார்க்க மறுபடி நண்டு வேண்டுமே. கொஞ்ச நாள் கழித்து வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். முதலில் முடியாது என்றார். சாப்பிட இல்லை, பரிசோதனைக்கு மட்டும்தான் என்று கெஞ்சியபிறகு சரி என்றார். வழக்கமாக நான் ஒன்பது மணிக்குப் போவேன், எல்லாம் பையில் தயாராக இருக்கும். அன்று பேராசிரியை அவசரப்படுத்தியதால் ஏழரைக்கே போய்விட்டேன்.

அக்கா குழாயடியில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு பேசனில் பதினைந்து இருபது நண்டுகள். தேங்காய் நாரால் ஒவ்வொரு நண்டின் முதுகையும் வயிற்றையும் தேய்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பொட்டலத்திலிருந்து கைநிறைய அள்ளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். தண்ணீர் கண்ணைப் பறிக்கிற மஞ்சளாக மாறியது.

"என்னக்கா அது?"

"மஞ்சத்தூளு."

"எதுக்கு?"

கையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எதுக்கா? உங்க வீட்டுல நண்டை எப்படித் தம்பி கழுவுவாங்க?"

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நண்டை நான் தட்டில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அதற்கு என்ன நடக்கும் என்று ஒருநாளும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பேராசிரியை சைவம். ஆக, நண்டில் என்னென்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணிய எங்கள் இருவருக்குமே, தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் தெரியவில்லை.

"போன தடவையும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான். போன தடவை நீங்க திறக்கக் கூடாதுன்னுட்டீங்க. உள்ள கழுவ முடியலையேன்னு ரெண்டு மணி நேரம் கூடவே ஊற வச்சேன்."

கல்லூரியில் முதல் வருடம் செய்முறை வகுப்பில், காரீயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குரோமியக் கரைசலை விடுவோம். இருந்தால் சோதனைக் குழாயின் அடியில் பளிச்சென்ற மஞ்சளாக ஒரு பொடி படியும். காரீயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் அது. மட்டமான மஞ்சள்தூளில் நிறத்துக்காக அதைக் கலப்பதுண்டு என்று எங்கேயோ படித்தும் இருந்தேன். பேராசிரியை விரல் வைத்த இரண்டாவது வரிசை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். கையில் டம்ளர். அதில் பால், நல்ல மஞ்சளாக. மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

"நண்டை நிறுத்துனதுலேர்ந்து சாப்பாடே இறங்கல" என்றார் அக்கா. "காலையில ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர். மஞ்சத்தூள் கொஞ்சம் தூக்கலாவே போடுறேன். நீங்க சொன்ன அந்தக் காரீயம் உள்ள தங்கியிருந்தா முறிச்சுடும்ல?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அக்கா, இந்தத் தூள்மேல எனக்குச் சந்தேகமா இருக்கு, தெரியிற வரைக்கும் வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. போன தடவை அவசரப்பட்டுச் சொல்லித்தான் ஒரு பெண்மணி ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை கையில் முடிவை வைத்துக்கொண்டு பேசுவோம் என்று நினைத்தேன். பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்தேன். "ஒரு ஸ்பூன் தூள் குடுங்கக்கா" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பாதி நண்டுகளைக் கழுவாமல் அப்படியே கொடுக்கச் சொன்னேன். சேற்றோடு பையில் போட்டுக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

கருவிக்கு வரிசை நீளமாக இருந்தது. மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வேளை தவறாமல் டம்ளர் நிரம்பியிருக்கும். எனக்கு அது தெரியும். தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். தூளில் ஒன்றும் இல்லையென்றால்? மறுபடியும் வீண் பயம், மறுபடியும் அந்த முகம். நாளைக்கு முடிவு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நாளையும் தள்ளினேன்.

முடிவு வந்தது. தூளில் காரீயம் இருந்தது, பக்கத்திலேயே குரோமியமும். கழுவாத நண்டின் சதையில் எதுவும் இல்லை. ஆனால் அதன் குடலில் கொஞ்சம் இருந்தது. அது பேட்டரிக் கொட்டகையிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தா, குடலை நீக்கிவிட்டுச் சாப்பிட்டால் தேவலையா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். எப்போது எடுத்துப் பார்த்தாலும் எண்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன, எனக்குத்தான் ஒன்றும் விளங்குவதில்லை. அந்தக் குளத்து நண்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் இன்றைக்கும் விழிப்பேன்.

தாளோடு அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகளுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டதாம், மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரியில் முந்தாநாள் பெண்குழந்தை பிறந்திருக்கிறதாம்.

பிரசவ வார்டுக்கு வெளியே நடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணி உருண்டை. அதற்குள் குழந்தை இருக்கிறது என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு சிறிதாக இருந்தது.

"வாங்க தம்பி. எடை கம்மின்னாங்க. தேறிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். எனக்கு உட்கார இடம்விட்டு நகர்ந்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நண்டில் இருந்தது நண்டுடையது அல்ல, மஞ்சள்தூளுடையது என்றேன். அந்தத் தூளைக் கொட்டிவிடச் சொன்னேன். டாக்டரிடம் இதைச் சொல்லித் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனைக்குக் கேட்க வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். தூளை வாங்கிப்போன அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், குழந்தையைப் பார்த்தபிறகு முடியவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மடியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப, நான் குடுத்த பாலுதான் புள்ளைய இப்படிப் பண்ணிடுச்சா தம்பி?"

இல்லை என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். குழந்தை எடை குறைந்து பிறக்க நூறு காரணங்கள் உண்டு. தாய் சரியாகச் சாப்பிடாததே ஒரு காரணம், அவள் சாப்பிடாததற்கு நான் ஒரு காரணம். பால் இல்லை என்று எப்படிச் சொல்வது? பால்தான் என்று மட்டும் எதை வைத்துச் சொல்வது? வாய்க்குள்ளேயே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"அன்னைக்கு நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டப்பவும் இதையே சொல்லியிருக்கலாமே தம்பி."